நம்மூர் முக்குக்கும் கணக்கு உண்டு

ராஜபாளையத்தில் காந்தி சிலையிலிருந்து பஞ்சு மார்க்கெட் வரை காலை நேரத்தில் ஊர்ந்து வந்த யாரிடமாவது, சிக்னல் நேரத்தைக் கணக்குப் போட்டு வைத்தால் இவ்வளவு அவதி இருக்காதே என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் வெளிநாட்டு ரோட்டுக்கு சார், நம்மூருக்கு ஒத்துவராது" என்று உடனே பதில் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கேட்டாலும் இதே பதில்தான். வெளிநாட்டில் லேன் போட்டு வண்டி ஓட்டுகிறான். இங்கே டூவீலர் இண்டு இடுக்கெல்லாம் நுழைகிறது. ஷேர் ஆட்டோ நினைத்த இடத்தில் நிற்கிறது. மாட்டு வண்டியும் வரும், மினி பஸ்ஸும் வரும். இதற்கு என்ன சூத்திரம் போட முடியும்? நல்ல போலீஸ்காரர் ஒருவரை நிறுத்தினால் போதும். படித்தவர், படிக்காதவர் வித்தியாசமில்லாமல் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கருத்து இது. பொறியியல் படித்தவர்களே சொல்லக் கேட்கும்போதுதான் அதிகம் வருத்தமாக இருக்கிறது.

இந்தக் கருத்து தவறு என்பதோடு, கெடுதலும் செய்கிறது. கணக்கு ஒத்துவராது என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு யாரும் எண்ணிப் பார்க்கவேண்டியதில்லை. எண்ணாத இடத்தில் எந்தத் தவறையும் கண்டுபிடிக்க முடியாது. நெரிசலுக்கு எப்போதும் ஜனங்களின் ஒழுக்கக்கேடே காரணம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

முதலில், லேன் இல்லாத ரோட்டுக்குக் கணக்கு இல்லை என்ற வாதம். சிக்னல் நேரக் கணக்கின் அடிப்படைச் சூத்திரம் 1958-இல் வந்தது. பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எஃப். வி. வெப்ஸ்டர் எழுதிய அறிக்கை அது. சிவில் படிக்கும் பிள்ளைகள் இன்றும் பரீட்சைக்கு அதைத்தான் படிக்கிறார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1985-இல் வெளியிட்ட சிக்னல் வழிகாட்டி நெறிகளும் அதையே அடிப்படையாகக் கொண்டவை. அந்தச் சூத்திரம் எத்தனை லேன் என்று கேட்பதே இல்லை. நிறுத்தக் கோட்டருகே ரோடு எத்தனை மீட்டர் அகலம் என்றுதான் கேட்கிறது. ஒரு மீட்டர் அகலத்துக்கு, பச்சை தொடர்ந்து எரிந்தால் மணிக்குச் சுமார் 525 கார்-அலகு (ஒரு கார் என்பது ஓர் அலகு) கடந்து போகும் என்பது அதன் கணிப்பு. லேன் கோடே இல்லாமல் வண்டிகள் அகலம் முழுக்கப் பரவி நிற்கும் நம் ரோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறு என்ன வேண்டும்?

விதவிதமான வண்டிகள் கலந்து வருகின்றனவே என்ற கேள்விக்கும் பழைய பதில் இருக்கிறது. ஒவ்வொரு வண்டியையும் காரின் மடங்காகவோ பின்னமாகவோ மாற்றிக்கொள்வது. டூவீலருக்கு அரை, காருக்கும் ஆட்டோவுக்கும் ஒன்று, பஸ்ஸுக்கும் லாரிக்கும் மூன்று என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இந்த எண்கள் எங்கோ எழுதப்பட்டவை, நம் டூவீலர்கள் சிவப்பில் முன்னால் வந்து குவிந்து நின்று, பச்சை விழுந்ததும் கொத்தாகப் பறப்பது அவற்றில் இல்லை என்று ஒருவர் சொன்னால், அது நியாயமான திருத்தம். அந்தத் திருத்தத்தையும் நம்மவர்களே செய்துவிட்டார்கள். டெல்லியில் உள்ள மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம், நாட்டின் பல ஊர்களில் அளந்து பார்த்து, இந்தியச் சாலைகளுக்கென்றே ஒரு கொள்ளளவுக் கையேட்டை 2017-இல் வெளியிட்டது. கலந்து ஓடும் வண்டிகளைப் பற்றிய ஆய்வு ஐ.ஐ.டி. மெட்ராஸ் உட்படப் பல இடங்களில் ஆண்டுக்கணக்காக நடந்து வருகிறது. நம் ரோட்டுக்குக் கணக்கு இல்லை என்று சொல்பவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இனி ஒரு முக்கைக் கணக்கிட்டே பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்தக் குறிப்பிட்ட முக்கின் அளவும் அல்ல. நான்கு பக்கமும் ரோடு. மெயின் ரோட்டில் ஒரு திசைக்கு 7 மீட்டர் அகலம், குறுக்கு ரோட்டில் 6 மீட்டர். காலை ஒரு மணி நேரத்தில் மெயின் ரோட்டின் கூட்டமான பக்கத்திலிருந்து 1,100 டூவீலர், 260 கார், 90 ஆட்டோ, 40 பஸ், 30 லாரி வருகின்றன. கார்-அலகுக்கு மாற்றினால் 550, 260, 90, 120, 90, மொத்தம் 1,110. ஏழு மீட்டர் ரோடு தாங்குவது 3,675. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.30. குறுக்கு ரோட்டின் கூட்டமான பக்கத்தில் 790 கார்-அலகு; ஆறு மீட்டர் தாங்குவது 3,150; வகுத்தால் 0.25. இரண்டையும் கூட்டினால் 0.55. அதாவது ஒரு மணி நேரத்தில் பாதிக்குச் சற்று அதிகமான நேரம் இருந்தால் இவ்வளவு பேரையும் அனுப்பிவிடலாம்.

மீதி நேரத்தில் ஒரு பகுதி மாறுவதிலேயே வீணாகிறது. பச்சை விழுந்து முதல் வண்டி கிளம்ப இரண்டு வினாடி, முக்கு காலியாவதற்காக எல்லாப் பக்கமும் சிவப்பு இரண்டு வினாடி. ஒருமுறை மாறினால் நான்கு, ஒரு சுற்றில் இருமுறை மாறினால் எட்டு. வெப்ஸ்டர் சொல்வது இதுதான்: வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டுங்கள், 17 வரும். ஒன்றிலிருந்து அந்த 0.55-ஐக் கழியுங்கள், 0.45 வரும். பதினேழை 0.45-ஆல் வகுத்தால் 38. மொத்தச் சுற்றே முப்பத்தெட்டு வினாடி போதும்.

இந்த இடத்தில்தான் ஊர்ப் பொதுக்கருத்தும் கணக்கும் முட்டிக்கொள்கின்றன. நெரிசல் என்றால் பச்சையைக் கூட்டிக் கொடு என்பதுதான் எல்லோருக்கும் தோன்றுவது. தொண்ணூறு, நூற்றிருபது வினாடிச் சுற்றுகள் அப்படித்தான் வருகின்றன. மில் ஊர்க்காரர்களுக்கு இந்த எண்ணம் இயல்பாகவே வரும். நூற்பு மெஷினில் பாபின் நிறைந்து மாற்றும்போதெல்லாம் மெஷின் நிற்கிறது. குறைவான முறை மாற்றினால் உற்பத்தி கூடும். அது சரி. ஆனால் நூல் காத்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. முக்கில் காத்திருப்பது மனிதர்கள். மேலே சொன்ன அதே கூட்டத்துக்குச் சுற்றை 120 வினாடியாக வைத்தால், மெயின் ரோட்டில் ஒரு வண்டியின் சராசரிக் காத்திருப்பு இருபது வினாடிக்கு மேலும், குறுக்கு ரோட்டில் இருபத்தாறு வினாடிக்கும் போகிறது. 50 வினாடிச் சுற்றில் அது பத்தும் பதின்மூன்றும்தான். வண்டி ஒன்றுகூடக் குறையவில்லை, ரோடு ஒரு அடிகூட அகலமாகவில்லை, காத்திருப்பு பாதியாகிவிட்டது.

ஏன் 38-ஐ விட்டு 50-க்கு வந்தேன் என்றால், நடந்து போகிறவர்களுக்காக. நம் ஊர்ப் பேச்சில் சிக்னல் என்றால் வண்டிகளின் சமாசாரம். ரோட்டைக் கடக்க நிற்கும் பாட்டி அதில் வருவதேயில்லை. கணக்கில் அவர் வருகிறார். மெயின் ரோடு மொத்தம் 14 மீட்டர். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு அதைக் கடக்கப் பன்னிரண்டு வினாடி. பார்த்து, துணிந்து, காலெடுத்து வைக்க ஏழு வினாடி. ஆக 19 வினாடி குறுக்கு ரோட்டுக்குப் பச்சை இருந்தே ஆகவேண்டும். அப்போதுதான் மெயின் ரோடு நிற்கும், அவர் கடக்கலாம். 0.30-க்கு 0.25 என்ற விகிதத்தில் மெயின் ரோட்டுக்கு 23. வீணாகும் எட்டையும் சேர்த்தால் 50. கோயிலுக்கு வரும் வயதானவர்கள் அதிகம் உள்ள முக்கு என்றால் நடை வேகத்தை 0.8 மீட்டராகக் குறைத்துக்கொள்ளலாம். அப்போது 25-ம் 30-ம் எட்டும் சேர்ந்து 63. முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு இடம் கொடுத்த பிறகும் சுற்று தொண்ணூறை நெருங்கவில்லை. நூற்றிருபது வினாடிச் சுற்றில் அவருக்கு என்ன நேர்கிறது? ஒரு நிமிஷத்துக்கு மேல் வெயிலில் நிற்கவேண்டியிருக்கிறது. நிற்கமாட்டார், வண்டிகளுக்கு நடுவே இறங்கிவிடுவார். பிறகு அவரையும் ஒழுக்கமில்லாதவர் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம்.

இன்னும் ஒரு படி போகலாம். இதே முக்கில், நிறுத்தக் கோட்டை ஒட்டி ஒரு பஸ் நின்று ஆள் ஏற்றுகிறது என்று வையுங்கள். பின்னால் இன்னொன்று. ஏழு மீட்டரில் பாதி போய்விட்டது. ரோடு தாங்குவதும் பாதியாகிறது. 0.30 என்றிருந்தது 0.60 ஆகிறது, கூட்டுத்தொகை 0.85. ஒன்றிலிருந்து கழித்தால் 0.15. பதினேழை அதால் வகுத்தால் 113 வினாடி. ஒரு வண்டிகூடக் கூடவில்லை. பஸ் நின்ற இடம் ஒன்றே முப்பத்தெட்டை நூற்றுப்பதின்மூன்றாக்கிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக நிற்கும் வெளியூர்க் கார்களும் இதைத்தான் செய்கின்றன. இரண்டு மீட்டரை அவை எடுத்துக்கொண்டால் 0.30 என்பது 0.42 ஆகிறது. இது தெரிந்தால், பச்சையைக் கூட்டுவதா குறைப்பதா என்ற விவாதத்தை நிறுத்திவிட்டு, பஸ் நிறுத்தத்தை முக்கைத் தாண்டி எழுபது எண்பது மீட்டர் தள்ளி வைக்கலாம், கடைக்கு எதிரே நிற்கும் காருக்கு வேறு இடம் காட்டலாம். கணக்கு சிக்னல் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடப்பதில்லை. எந்த இடத்தில் கைவைத்தால் பலன் அதிகம் என்று காட்டுவதுதான் அதன் முதல் வேலை.

நம் ஊர்களில் ஊறிப்போன வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாகவேண்டும். நான்கு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவது. மதுரை பக்கம் ஒரு முறை, தென்காசி பக்கம் ஒரு முறை, பிறகு குறுக்கு ரோட்டின் இரண்டு பக்கமும் தனித்தனியே. யாரும் யாரோடும் மோதமாட்டார்கள், வலதுபுறம் திரும்புவது சுலபம் என்று காரணம் சொல்லப்படுகிறது. எதிரெதிர்ப் பக்கங்களை ஒன்றாகத் திறந்தால் இரண்டில் பெரியதை மட்டும் கூட்டினால் போதும். அதனால்தான் மேலே 0.55 வந்தது. தனித்தனியாகத் திறந்தால் நான்கையும் கூட்டவேண்டும். எதிர்ப்பக்கங்கள் 0.26, 0.21 என்று இருந்தால், கூட்டுத்தொகை 1.02. வீணாகும் நேரமோ எட்டிலிருந்து பதினாறாகிறது. சுற்றை மூன்று நிமிஷமாக நீட்டினாலும் மணிக்கு 350-க்கும் அதிகமான கார்-அலகு கடக்க முடியாமல் பின்னால் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு மணி நேரத்தில் வால் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எந்தப் போலீஸ்காரரின் திறமையும், எந்த ஓட்டுநரின் ஒழுக்கமும் இதைத் தீர்க்காது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு மணிக்கு மேற்பட்ட வேலையைத் திணிக்க முடியாது. வலதுபுறம் திரும்புபவர்கள் உண்மையிலேயே அதிகம் என்றால், அவர்களை எண்ணி, அந்த ஒரு திருப்பத்துக்கு மட்டும் மூன்றாவது முறை கொடுக்கலாம். அல்லது அடுத்த தெரு வழியாகச் சுற்றிவரச் சொல்லலாம். எண்ணாமல் நான்காகப் பிரிப்பதுதான் தவறு.

இனி ஒழுக்கம். நம் ஜனங்கள் சிவப்பை மதிக்கமாட்டார்கள், ஆகவே கணக்கு வீண் என்பது இந்தக் கருத்தின் கடைசிக் கோட்டை. எல்லாச் சிவப்பு மீறலுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. குடித்துவிட்டு ஓட்டுபவனுக்கும், சிக்னலைப் பார்த்தும் வேகத்தைக் கூட்டும் பஸ்ஸுக்கும் தண்டனைதான் மருந்து. ஆனால் மீறலில் ஒரு பங்கை சிக்னல் நேரமே உண்டாக்குகிறது. மஞ்சள் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஓட்டுநர் மஞ்சளைப் பார்த்து, ஒரு வினாடி யோசித்து, பதறாமல் பிரேக் போட்டு நிற்க ஏறத்தாழ 32 மீட்டர் வேண்டும். மஞ்சள் இரண்டே வினாடி என்றால் அந்த நேரத்தில் அவர் 22 மீட்டர்தான் போவார். கோட்டுக்கு 22 மீட்டருக்கும் 32 மீட்டருக்கும் நடுவே அவர் இருக்கும்போது மஞ்சள் விழுந்தால் அவரால் நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் கோட்டைத் தொடவும் முடியாது. அந்தப் பத்து மீட்டருக்குள் மகாத்மா வந்தாலும் சிக்னலை மீறித்தான் ஆகவேண்டும். மூன்று வினாடி கொடுத்தால் இந்தப் பொறி பெருமளவு மறைந்துவிடும். மழை பெய்த ரோட்டில், பாரம் ஏற்றிய லாரிக்கு நான்கு வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் காசிஸ், ஹெர்மன், மரடூடின் என்ற மூவர் 1960-இலேயே இதைக் கணிதமாக எழுதிவிட்டார்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவர், 2013-இல் மனைவிக்கு வந்த சிக்னல் அபராதத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சமன்பாட்டையே ஆராயத் தொடங்கினார். திரும்பும் வண்டி வேகத்தைக் குறைத்துத்தான் திரும்பும். அதற்கான கூடுதல் நேரம் அதில் இல்லை என்று கண்டார். பதிவு பெற்ற பொறியாளர் அல்லாதவர் பொறியியல் பேசக்கூடாது என்று அங்குள்ள வாரியம் அவருக்கே 500 டாலர் அபராதம் விதித்தது. நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2020-இல் போக்குவரத்துப் பொறியாளர்களின் அமைப்பு தன் நெறிமுறையில் அவருடைய திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. ஒழுக்கமுள்ள நாடு என்று நாம் உதாரணம் காட்டும் நாட்டிலேயே, ஓட்டுநரின் குற்றம் என்று நினைத்தவற்றில் ஒரு பங்கு கணக்கின் குறை என்று ஆகியிருக்கிறது. அங்கே கணக்கைத் திருத்தினார்கள், கைவிடவில்லை.

போலீஸ்காரர் ஒருவர் போதும் என்பவர்களுக்கு: சித்திரை வெயிலில் முக்கில் நின்று கையசைப்பவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த மரியாதையினால்தான், அந்த வேலையை அவர்மேல் சுமத்தக்கூடாது என்கிறேன். அவர் நிற்கும் இடத்திலிருந்து வரிசையின் தலை தெரியும், வால் தெரியாது. தலை தெரியும் பக்கத்தைக் காலியாகும்வரை திறந்துவிடத் தோன்றும். அதற்குள் மறுபக்கம் நீண்டுவிடும். பிறகு அதைக் காலி செய்யவேண்டும். சுற்று தானாகவே இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் என்று வளர்ந்துகொண்டு போகும். அவர் சாப்பிடப் போகவேண்டும், பந்தோபஸ்துக்குக் கூப்பிட்டால் போகவேண்டும். ஆடிப்பூரத் தேர் அன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அவர் வேண்டும். பங்குனிப் பூக்குழிக்கு வேண்டும். அன்றைக்கு எந்தச் சூத்திரமும் உதவாது என்பதை மறுப்பில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். தேர் வடம் பிடிக்கும் தெருவில் சிக்னலுக்கு வேலையில்லை. வருஷத்தில் சில நாள் உள்ள நிலைமையைக் காட்டி, மீதி நாட்களையும் கணக்கில்லாமல் விடுவதைத்தான் மறுக்கிறேன்.

கோயம்புத்தூரைக் காட்டி எதிர்வாதம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே பல சந்திப்புகளில் சிக்னலையே எடுத்துவிட்டு, தள்ளிப் போய் யூ-டர்ன் போடும் முறையையும் ரவுண்டானாக்களையும் கொண்டுவந்தார்கள். வண்டிகள் நிற்காமல் ஓடுகின்றன. ஆகவே சிக்னலும் வேண்டாம், கணக்கும் வேண்டாம் என்கிறார்கள். யூ-டர்ன் முறை என்ன செய்கிறது என்று பாருங்கள். குறுக்கே போகும் நேர்ப்பாதையையும் வலது திருப்பத்தையும் நீக்கிவிட்டு, முறை மாறுவதையே ஒழிக்கிறது. மேலே நான்கு முறையை இரண்டாக்கினோமே, அதே கணக்கின் அடுத்த படி. அதற்கும் நிபந்தனை உண்டு: நடுவில் தடுப்புச் சுவர் வேண்டும், பஸ் வளையுமளவு அகலம் வேண்டும், இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு மாறிவரும் தூரம் வேண்டும். கோயம்புத்தூரின் அவிநாசி ரோட்டில் இருக்கும் அகலம் ராஜபாளையத்தின் முடங்கியாறு ரோட்டில் இல்லை. நிற்காமல் ஓடும் வண்டிகளுக்கு நடுவே நடப்பவர் எப்போது கடப்பது என்ற கேள்வியும் பாக்கி இருக்கிறது. சிக்னல் தேவையில்லாத முக்கில் சிக்னல் வைக்காதே என்று சொல்வதும் கணக்கின் வேலைதான். சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நெறிகள், சாதாரண நாளில் எட்டு மணி நேரமாவது குறிப்பிட்ட அளவு வண்டிகள் வந்தால்தான் வண்டி எண்ணிக்கையைக் காரணம் காட்டிச் சிக்னல் வைக்கலாம் என்கின்றன. எண்ணாமல் வைப்பது எவ்வளவு தவறோ, எண்ணாமல் எடுப்பதும் அவ்வளவு தவறு.

இன்னொரு தரப்பு, கணக்கெல்லாம் பழசு, செயற்கை நுண்ணறிவு வந்து பார்த்துக்கொள்ளும் என்கிறது. கூட்டத்துக்கேற்பத் தானே மாறும் சிக்னல்கள் நல்லவை. நம் கலப்புப் போக்குவரத்துக்கென்றே திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய முறை பெங்களூரில் ஓடுகிறது. ஆனால் அந்த இயந்திரமும் ரோட்டின் அகலம், வரும் வண்டி, வீணாகும் வினாடி, சுற்று, பங்கு ஆகியவற்றை வைத்துத்தான் முடிவெடுக்கிறது. பஸ் முக்கிலேயே நின்றால் அதுவும் 113 வினாடிதான் சொல்லும். நகராட்சி நகரங்களுக்கு அந்தக் கருவிகள் வரும் நாள்வரை காத்திருக்கத் தேவையுமில்லை. நம் கூட்டம் கண்டபடி மாறுவதில்லை. பள்ளி, மில் ஷிப்ட், கோர்ட்டு, மாலை பஜார் என்று அதற்கு ஒரு தினசரி ஒழுங்கு இருக்கிறது. காலைக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, இரவில் வெறும் மஞ்சள் சிமிட்டல் என்று நேரத்திட்டங்களைச் சாதாரணப் பெட்டியிலேயே பதியலாம்.

வருஷ ஒழுங்கும் இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தொட்டுப் போகிறது. குற்றாலம் சீசன் வந்தால் ஆனி, ஆடியில் தென்காசி திசைக்குக் கார்கள் கூடும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள். இரண்டும் காலண்டரிலேயே இருக்கிற விஷயம். அந்த மாதங்களுக்குத் தனி எண்ணிக்கை எடுத்துத் தனித் திட்டம் வைத்தால், ஒவ்வொரு வருஷமும் புதிதாக வந்த நெரிசல்போல வியக்கவேண்டியதில்லை. ஊருக்கு வெளியே நான்குவழிச் சாலை வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று சொல்பவர்கள், மேலே உள்ள உதாரணத்தில் அந்த 1,100 டூவீலரைப் பார்க்கட்டும். அவை கொல்லத்துக்குப் போகிறவை இல்லை. மில்லுக்கும், பள்ளிக்கும், பஜாருக்கும், சத்திரப்பட்டிக்கும் போகிறவை. புறவழிச் சாலை அவற்றை எடுத்துக்கொள்ளாது.

இரண்டு சிக்னல்கள் அருகருகே இருந்தால் இன்னொரு கணக்கும் சேரும். நடுவே 400 மீட்டர், வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் கடக்க 48 வினாடி. முதல் சிக்னலில் பச்சை விழுந்து நாற்பத்தெட்டாவது வினாடியில் அடுத்ததில் பச்சை விழுந்தால் அந்தக் கூட்டம் நிற்காமல் போகும். இரண்டுக்கும் சுற்று ஒரே அளவாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ராஜபாளையம் போல ஒரே மெயின் ரோட்டைப் பிடித்துக்கொண்டு நீண்டு கிடக்கும் ஊருக்கு இது மிகவும் பொருந்தும்.

யார் எண்ணுவது? ஒவ்வொரு பக்கத்துக்கும் இருவர், கையில் தாள், கால் மணிக்கு ஒரு கட்டம், வண்டிக்கு ஒரு கோடு, ஐந்தாவதற்குக் குறுக்குக் கோடு. நேராகப் போனது, இடது, வலது என்று மூன்று பத்தி. காலை மூன்று மணி நேரம், மாலை மூன்று மணி நேரம், சாதாரண நாள் ஒன்று, சந்தை நாள் ஒன்று. ஒரு டேப்பை வைத்து நிறுத்தக் கோட்டில் ரோட்டின் அகலத்தை அளக்கவேண்டும். கடைப் பலகையும் நிறுத்திய வண்டியும் எடுத்துக்கொண்ட அகலத்தைக் கழித்துவிட்டு அளக்கவேண்டும். ராஜபாளையத்தில் பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. கிருஷ்ணன்கோவிலில் பல்கலைக்கழகமே இருக்கிறது. வெப்ஸ்டரைப் பரீட்சையில் எழுதும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி கிடைக்காது. பிளஸ் டூ மாணவர்களே போதும்; இதில் உள்ளது கூட்டல், பெருக்கல், வகுத்தல் மட்டுமே.

எண்ணிக்கையை எடுத்த பிறகு நகராட்சியிடமும் போக்குவரத்துக் காவலிடமும் கொடுப்பதோடு நிறுத்தக்கூடாது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போட்டு இவற்றைக் கேட்கலாம்: இந்த முக்கின் சிக்னலுக்கு இப்போது சுற்று எத்தனை வினாடி, ஒவ்வொரு பக்கத்துக்கும் பச்சை, மஞ்சள், எல்லாச் சிவப்பு எத்தனை வினாடி, நடந்து கடப்பவருக்கு எத்தனை வினாடி, இந்த நேரங்கள் எந்தத் தேதியில் எடுத்த வாகன எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யப்பட்டன, அந்த எண்ணிக்கையின் நகல் வேண்டும். கட்டணம் பத்து ரூபாய். எண்ணிக்கையே எடுக்கப்படவில்லை என்று பதில் வந்தால், மாணவர்கள் எடுத்த தாள்களை இணைத்து, நேரத்தை மாற்றிப் பார்க்கும்படி அடுத்த மனுவை எழுதலாம்.